பாதிச் சுருளும் ஒரு ஜெனரேட்டரும்

ஊருக்கெல்லாம் கரண்ட் தயாரிக்கிற இடத்தில் குடியிருந்துகொண்டு சொந்தமாக ஜெனரேட்டர் வாங்கியவர்கள் நாங்களாகத்தான் இருப்போம். குவார்ட்டர்ஸுக்காக வாங்கவில்லை. குவார்ட்டர்ஸில் கரண்ட் போனால் ஜனங்கள் வாசலுக்கு வந்து, யாராவது செத்துப்போய்விட்டார்களா என்பதுபோல ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். என் கணவருக்குக் கம்பெனியின் நிலக்கரிச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. நான் மந்தாரக்குப்பத்தில் ஒரு சந்துக்குள் பியூட்டி பார்லர் வைத்திருந்தேன். டவுன்ஷிப்பைத் தாண்டி அந்தச் சந்துக்குள் நுழைந்துவிட்டால், மற்ற ஊர்களுக்கு என்ன கதியோ அதுதான் எங்களுக்கும். கரண்ட் எப்போது போகும் என்று கேட்பதை விட்டுவிட்டு எப்போது வரும் என்று கேட்கப் பழகியிருந்த காலம் அது. ஹேர் டிரையர் பாதியில் நின்று, ஈரத்தலையோடு வீட்டுக்குப் போன இரண்டு பேர் திரும்பி வரவே இல்லை. அதற்கப்புறம்தான் கணவர் ஒரு சின்ன பெட்ரோல் ஜெனரேட்டரை வாங்கி வந்து கடையின் பின்பக்கம் வைத்தார்.

கொஞ்ச காலம் அது நன்றாக உழைத்தது. பிறகு கரண்ட் தட்டுப்பாடு குறைந்தது. பார்லரின் பழைய ஜன்னல் திரையைப் போர்த்தி மாடிப்படிக்குக் கீழே தள்ளிவிட்டோம். அதன்மேல் ஒரு பூனை படுத்துத் தூங்கும். ஜெனரேட்டர் இருக்கிறது என்ற நினைப்பே எனக்கு அந்தப் பூனையால்தான் இருந்தது.

அப்போதுதான் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி அம்மாவோடு வந்தாள். தனியார் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர். அன்று மாலை அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை வீட்டுக்குச் சொந்த ஊர் குறிஞ்சிப்பாடி பக்கம். மாப்பிள்ளையின் அப்பா கம்பெனியில் பெர்மனென்ட், டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ். அம்மாக்காரிக்கு ஒரே ஒரு கவலை. மகளின் முடி.

"பாருங்கம்மா இத. ஸ்பிரிங்காட்டம் சுருண்டுகினு நிக்குது. இன்னிக்கு ஒரு நாளைக்காவது நேரா ஆக்கி வுடுங்க" என்றார்.

"எனக்கு இப்படியே இருந்தா போதும்" என்றாள் பெண்.

"நீ சும்மா இரு."

முடி என்றால் அப்படி ஒரு முடி. நான்கு பேருக்குப் பங்கு வைக்கலாம். அம்மா கேசரி கிளற வீட்டுக்குப் போய்விட்டார். நான் முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்து கிளிப் போட்டு, முடியை நேராக்கும் அயர்னால் வலது பக்கத்திலிருந்து இழுக்க ஆரம்பித்தேன். வலது பக்கம் முடிந்து, நடு வகிடுக்கு வந்து, இடது பக்கத்தின் முதல் கிளிப்பைக் கழற்றியபோது தெருமுனையில் டமால் என்று ஒரு சத்தம். ஃபேன் நின்றது. காக்கைகள் கத்தின. டிரான்ஸ்ஃபார்மரில் அணில் ஏறிவிட்டதாம். சாயங்காலம் ஆகிவிடும் என்று தெருவில் யாரோ சொல்லிக்கொண்டு போனார்கள்.

பெண் கண்ணாடியைப் பார்த்தாள். வலது பக்கம் பட்டுத்துணி மாதிரி தோளில் வழிந்தது. இடது பக்கம் புயல் அடித்த முருங்கை மரம். மூச்சை உள்ளே இழுத்தவள் விடுவதற்கு வெகுநேரம் ஆயிற்று.

"பயப்படாதம்மா, ஜெனரேட்டர் இருக்கு" என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

பூனையை விரட்டி, திரையை உருவி, ஜெனரேட்டரைப் பின்சந்துக்கு இழுத்து, கடைக்குள் போகும் ஒயரை அதில் சொருகி, புது பெட்ரோல் ஊற்றிக் கயிற்றை இழுத்தேன். இரண்டு மூன்று இழுப்பில் படபடவென்று பிடித்துக்கொண்டது. உள்ளே ஓடி வந்து பார்த்தால் லைட் எரியவில்லை. முடி அயர்ன் ஜில்லென்று கிடந்தது. வெளியே போனால் அது பாட்டுக்கு ஜோராக ஓடிக்கொண்டிருக்கிறது. சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்யாத ஆள் மாதிரி.

கணவருக்கு போன் போட்டேன். சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சச இயந்திரத்தின் சத்தத்துக்கு நடுவே, "பக்கத்துல சின்ன சுவிட்ச் இருக்கும்! அது கீழ விழுந்திருக்கும்! மேல தூக்கிவிடு!" என்று கத்தினார். அது மேலேதான் இருந்தது. கீழே தள்ளி மறுபடி மேலே தூக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை.

"அப்படின்னா வேற என்னவோ" என்று சொல்லி வைத்துவிட்டார்.

சந்து முனையில் பைக் மெக்கானிக் ஒருவர் கடை. அவரைக் கூப்பிட்டேன். வந்து காதைச் சாய்த்துக் கேட்டார். "இன்ஜின் மிஸ்ஸாவுதுக்கா" என்றார். நிறுத்தினார், ப்ளக்கைக் கழற்றித் துடைத்தார், ஏர் ஃபில்டரைத் தட்டினார், கார்புரேட்டரை ஊதினார். மறுபடி இழுத்தார். முன்பு படபடவென்று ஓடியது இப்போது வெண்ணெய் மாதிரி ஓடியது. கரண்ட் மட்டும் வரவில்லை.

"எப்பிடி ஓடிகினு இருக்குது பாருங்கக்கா!" என்று இடுப்பில் கைவைத்து ரசித்தார்.

"அண்ணே, லைட்டு?"

"லைட்டு எனக்குத் தெரியாதுங்க. நான் இன்ஜின் ஆளு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் உள்ளே வந்து பெண்ணிடம், "வா, ஸ்கூட்டர்ல ஏறு. எங்க குவார்ட்டர்ஸுக்குப் போயிடலாம். அங்க கரண்ட் இருக்கும்" என்றேன். இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டியது.

"அக்கா, அவங்களும் டவுன்ஷிப்லேர்ந்துதான் வர்றாங்க. அதே ரோடு. பாதித் தலையோட அவங்க எதிர்லயே போகச் சொல்றீங்களா?"

அதுவும் நியாயம்தான். சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தை வீணாக்குவானேன் என்று அவள் முகம் முழுக்க முல்தானி மட்டி மண்ணைக் குழைத்துப் பூசிவிட்டேன். காயும்வரை பேசாதே, சிரிக்காதே என்று சொல்லிவிட்டு மறுபடி பின்சந்துக்குப் போய், ஜெனரேட்டரை முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னம்மா, வண்டி ஓடுது, லைட் எரியல?"

திரும்பினேன். சலவை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, கையில் பூவும் பழமும் நிறைந்த பை. கோயிலுக்குப் போகிறவர் என்று நினைத்தேன். என் பதிலுக்குக் காத்திராமல் பையை என்னிடம் கொடுத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார்.

"முப்பது வருஷமா பவர் ஹவுஸ்ல இருக்கேன். எவ்ளோ பெரிய மெஷின்லாம் பாத்திருக்கேன். இது என்ன, தீப்பெட்டி. நகருங்க."

முதலில் லோடு அதிகம் என்றார். எல்லாப் ப்ளக்கையும் பிடுங்கச் சொன்னார். பிடுங்கினேன். ஒன்றுமில்லை. "ஸ்பீடு பத்தல" என்று இன்ஜினை முறுக்கினார். அது போட்ட கூச்சலில் உள்ளே அலமாரியில் இருந்த ஷாம்பு பாட்டில்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து வந்து கீழே குதித்தன. பூனை சுவர் ஏறிப் போயிற்று. ஒரு குண்டு பல்பைக் கேட்டு வாங்கி, ஹோல்டரில் மாட்டி நேராக ஜெனரேட்டரிலேயே சொருகினார். பல்பு மினுக்கக்கூட இல்லை. அவர் முகத்தில் இருந்த தீப்பெட்டி அலட்சியம் மெல்லப் போய்விட்டது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தாடையைத் தடவி யோசித்தார். தாடையெல்லாம் கிரீஸ்.

"இத ஓட்டி எவ்ளோ நாள் ஆச்சு?"

"ஆச்சுங்க... ரொம்ப நாள். பூனைதான் படுத்துக்கும்."

"அதான்! காந்தம் போயிடுச்சு!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. காந்தம் எங்கே போகும், எப்படிப் போகும்? இதெல்லாம் நமக்கு எதற்கு என்று நான் தலையாட்டிக்கொண்டிருந்தபோது, பின்கதவிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவதுபோல ஒரு குரல் வந்தது.

"காந்தத் தேக்குத்திறன். பிசிக்ஸ் பாடத்துல வரும்."

அந்தப் பெண்தான். முகம் முழுக்கக் காய்ந்த மண். ஒரு பக்கம் நேர்முடி, இன்னொரு பக்கம் சுருள், கழுத்திலிருந்து முழங்கால்வரை நைலான் அங்கி. அவர் ஒரு நொடி திடுக்கிட்டுப் பின்வாங்கினார். பிறகு பாடம் தெரிந்த ஆள் கிடைத்த சந்தோஷத்தில் எல்லாவற்றையும் மறந்துவிட்டார்.

"கரெக்ட்! உள்ள இருக்கற இரும்புல கொஞ்சூண்டு காந்தம் மிச்சம் இருக்கணும். அது இருந்தாத்தான் கரண்ட் உண்டாகும். சும்மாவே கெடந்தா அது செத்துப்போயிடும். மறுபடி ஏத்தணும். பாடத்துல வரும், சரி. கரண்ட் இதுல வரணுமே! பேட்டரி இருக்கா?"

மெக்கானிக் கடைக்கு ஓடி ஒரு பைக் பேட்டரியும் இரண்டு துண்டு ஒயரும் வாங்கி வந்தேன். அதற்குள் இன்ஜினை நிறுத்தி, பின்மூடியைக் கழற்றி, தலையை உள்ளே விட்டிருந்தார்.

"ரெண்டு ஒயரும் ஒரே கறுப்பா இருக்கே. எது ப்ளஸ்சு? கண்ணாடிய வேற வண்டியிலயே வெச்சுட்டேன்."

பெண் தன் போன் டார்ச்சை அடித்துக்கொண்டு குனிந்தாள். சுருள் பக்கம் அவர் முகத்தில் பட்டது. "இங்க சின்னதா போட்டிருக்கு சார். இதான் ப்ளஸ்."

"நிச்சயமா?"

"மைனஸ்னு அடுத்ததுல போட்டிருக்கே சார்."

"காரணத்தோட பேசற. நல்லது" என்றார்.

இரண்டு ஒயரையும் அவற்றின் இடத்திலிருந்து உருவிவிட்டு என்னை இன்ஜினை இழுக்கச் சொன்னார். எங்கள் இருவரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பேட்டரி ஒயரைத் தொட்டும் தொடாமலும் வைத்தார். சின்னதாக ஒரு பொறி. பல்பு முதலில் சிவப்பாக, பிறகு மஞ்சளாக, பிறகு முழுசாக எரிந்தது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். பெண் முகத்து மண்ணில் காதுவரைக்கும் விரிசல் விட்டது. இன்ஜினை நிறுத்தி எல்லாவற்றையும் பழையபடி பூட்டி மறுபடி ஓட்டினோம். அப்போதும் எரிந்தது. அவர் அந்தப் பல்பைப் பார்த்த பார்வையில், டவுன்ஷிப் முழுவதற்கும் தானே அப்போதுதான் வெளிச்சம் கொடுத்ததுபோல இருந்தது.

அந்த நேரம் பார்த்து அம்மாக்காரி வாசலிலிருந்து கத்திக்கொண்டே ஓடி வந்தார். "இன்னும் முடியலியா? அவங்கல்லாம் வந்து வூட்ல உக்காந்துகினு இருக்காங்க! மாப்பிள்ளையோட அப்பாவத்தான் காணும்! பின்னாடி வண்டியில வந்துகினு இருந்தவரு எங்க போனாருன்னே..."

பின்கதவுக்கு வந்த அம்மா அப்படியே நின்றார். எதிரே, ஜாதகம் வாங்கப் போனபோது பார்த்த அதே மனிதர், வேட்டி முழங்காலுக்கு மேல். சட்டையில் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்திருந்தது. அவருக்கு அருகில் மண்முகத்தோடு மகள். அவள் கையில் ஹோல்டரோடு எரிகிற குண்டு பல்பு.

"வாங்க சம்பந்தி" என்றார் அம்மா. வேறென்ன சொல்வதென்று தெரியாமல் வாயில் வந்துவிட்டது. இன்னும் பெண்ணையே பார்க்கவில்லை, அதற்குள் சம்பந்தி.

மாப்பிள்ளையின் அப்பா மெதுவாகத் திரும்பி அந்த மண்முகத்தைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து, கிரீஸ் படாமல் இரண்டு விரலால் போட்டோவை இழுத்து எடுத்தார். போட்டோவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கண்ணாடி இல்லாததால் கையைத் தூரமாக நீட்டி மறுபடி போட்டோவைப் பார்த்தார்.

"நீதானா அது?"

"ஆமாங்க சார்... ஆமாங்க" என்றாள். சிரிக்கக்கூடாது என்று நான் சொல்லியிருந்தது வேறு அவளுக்கு நினைவிருந்தது, பாவம்.

எனக்கு பூமி பிளந்து ஜெனரேட்டரோடு என்னையும் விழுங்கிவிடாதா என்றிருந்தது. கல்யாணம் என் பார்லரில் முறிந்துவிட்டது என்று தெருவே பேசும். அம்மா அழத் தயாராகிவிட்டார். மாப்பிள்ளையின் அப்பா மட்டும், நான் ஓரமாக வைத்திருந்த பழப்பையை எடுத்து அம்மாவிடம் நீட்டிவிட்டு, "நீங்க போய் எல்லாருக்கும் கேசரி குடுங்க. கால் மணி நேரத்துல வந்துடறோம். இந்தப் பக்கம் முடியட்டும்" என்றார்.

"நீங்க?"

"லோடு பாக்க ஒரு ஆள் வேணாமா?"

அப்படியே உள்ளே வந்து, கஸ்டமர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு லைட், ஒரு அயர்ன், அதற்கு மேல் எதையும் போடக்கூடாது, ஃபேனைத் தொடக்கூடாது என்று உத்தரவு. நாங்கள் இருவரும் வியர்வையில் நனைந்துகொண்டு வேலையை முடித்தோம். நடுவில் அவர் மனைவி போன் செய்தார். "இங்க ஒரு பிரேக்டவுன். அட்டெண்ட் பண்ணிட்டு வர்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். அந்தம்மாவுக்கு முப்பது வருடமாகக் கேட்டுப் பழகிய வார்த்தை போலிருக்கிறது, மறுபேச்சு பேசவில்லை.

பெண் பட்டுச்சேலை கட்டி, நேரான முடியோடு காபித்தட்டு எடுத்துக்கொண்டு வந்ததாகவும், அவர் மற்றவர்களிடம் "நான் ஏற்கெனவே இன்ஸ்பெக்‌ஷன் முடிச்சிட்டேன்" என்று சொன்னதாகவும் அம்மா பிற்பாடு வந்து சொன்னார். மாப்பிள்ளை அவளிடம் தனியாகக் கேட்டது ஒன்றே ஒன்றுதானாம்: "அப்பா சொன்ன அந்தச் சுருள் முடி எங்க?"

குறிஞ்சிப்பாடி மண்டபத்தில் கல்யாணம். நான்தான் மேக்கப் செய்தேன். முடியைச் சுருளாகவே விட்டோம்.

அதற்கப்புறம் மாதம் ஒருமுறை அவளுடைய மாமனார் என் கடைக்கு வர ஆரம்பித்தார். "ஓட்டி வெச்சாத்தான் காந்தம் நிக்கும்" என்று ஜெனரேட்டரைக் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்து, டீ குடித்துவிட்டுப் போவார். புருவம் திருத்த வந்து கண்ணை மூடிப் படுத்திருக்கும் பெண்கள், பின்பக்கம் திடீரென்று ஆண்குரல் கேட்டு எழுந்து உட்காருவார்கள். கணவருக்கு இது பிடிக்கவில்லை. நம் ஜெனரேட்டரை ஊரான் வந்து ஓட்டுவதா என்று ஒரு நாள் சாயங்காலம் அதை விற்றுவிட்டு இன்வர்ட்டர் வாங்கி மாட்டினார். மாமனாரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மருமகளை அனுப்பினேன். அவள் திரும்பி வந்து, "கேட்டதுலேர்ந்து மாமா ரெண்டு நாளா சரியா சாப்பிடல அக்கா. இப்ப இன்வர்ட்டர் பேட்டரிக்கு யாரு தண்ணி ஊத்தறாங்கன்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு" என்றாள்.