நானே எழுதி, நானே காட்டிய ஆதாரம்

மாத்தளையில் நான் வழக்கமாகச் சாப்பிடும் புரியாணிக் கடையைப் பற்றி இணையக் கலைக்களஞ்சியத்தில் எழுதினேன். பெயர்ப்பலகையில் இருந்த பெயரைப் பார்த்து, நானா என்று எல்லோரும் கூப்பிடும் முதலாளியின் வாப்பா, அதாவது தந்தைதான், கடையைத் தொடங்கினார் என்று நானாகவே முடிவு செய்துவிட்டேன். பிறகு கலைக்களஞ்சியத்தின் தொகுப்பாளர்கள் ஆதாரம் கேட்டார்கள். அதற்குள் ஒரு பத்திரிகை என் வரியை அப்படியே போட்டிருந்தது. தெரிந்தே அதை ஆதாரமாகக் கொடுத்தேன்.

போன மாதம் நானா அந்தப் பத்திரிகையைக் காட்டினார். "கடையத் தொடங்கினது எங்க உம்மா, மிஸ். வாப்பா பேரை போர்டுல போட்டதும் அவங்கதான். இப்ப அவங்க சொன்னாலும் யாரும் நம்புறாங்க இல்ல."

எழுதியது நான்தான் என்று சொல்லாமலே காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். வீட்டுக்கு வந்து அந்த வரியை அழித்தேன். மறுநாளே யாரோ, 'ஆதாரம் உள்ளது' என்று திரும்பப் போட்டுவிட்டார்.

இப்போதெல்லாம் உரியவர்களிடம் கேட்காமல் ஒரு வரியும் எழுதுவதில்லை. அந்த உம்மாவின் முகத்தில்தான் இன்னும் விழிக்கவில்லை.