எழுதப் பயந்த வசனம்

முதல் தடவை அது வந்தபோது நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளைக்கு அப்போதுதான் நாற்பது நாள் கழிந்திருந்தது. வாசலுக்கு அந்தப் பக்கம் ஏணையில் (சீலையால் கட்டும் தொட்டில்) தூங்கினாள். கையிலிருந்த கத்தியைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். இந்தக் கத்தியால் என் பிள்ளையைக் குத்திவிடுவேன் என்று ஓர் எண்ணம் வந்தது.

இந்த வசனத்தை இப்படி நேராக எழுத எனக்கு வெகு காலம் சென்றது. இதே எண்ணத்தோடு ஒரு தாய் எங்காவது தனியே இருக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

எனக்குள் கோபம் இருக்கவில்லை. கலியாணமாகிப் பல வருடம் இறைவனிடம் துஆக் கேட்டுக் கிடைத்த பிள்ளை. கத்தியைப் போட்டுவிட்டு வீட்டு வளவுக்குள் ஓடினேன். உடம்பெல்லாம் வேர்த்தது.

"என்ன மகள்?" என்று உம்மா கேட்டார்.

"தலை சுத்துது."

அதன்பின் ஒவ்வொரு நாளும் வந்தது. குளிப்பாட்டும்போது கையை விட்டுவிடுவேனோ. கிணற்றடியில் நின்றால் உள்ளே போட்டுவிடுவேனோ. கத்திகளை அலுமாரிக்கு மேல் வைத்தேன். வெட்டுகிற வேலையெல்லாம் உம்மாவுக்குப் போனது. எண்ணம் வந்தால் குர்ஆனில் ஒரு சூறாவை ஓதுவேன். நாக்குத் தடுமாறினால் மறுபடி முதலிலிருந்து. பிள்ளை பசியில் அழும். நான் ஓதி முடியாமல் நிற்பேன்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பிள்ளையை என்னிடமிருந்து எடுத்துவிடுவார்கள். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. எடுப்பதுதான் சரி என்று எனக்கே தோன்றியது.

நிந்தவூரில் எங்கள் பக்கம் வீடு வீடாக வரும் மிட்வைஃப் மிஸ் ஒரு நாள் பிள்ளையை நிறுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"புள்ள நல்லாத்தான் வளருது. நீங்க ஏன் தூக்கிறல்ல?"

கைகளை முந்தானைக்குள் சுற்றி வைத்திருந்தேன். அழுதுவிட்டேன். அவர் கல்முனையில் ஒரு மனநல வைத்தியரைக் காணத் துண்டு எழுதித் தந்தார்.

ஊர்ப் பெண்கள் யாரும் கண்டுவிடக் கூடாதென்று முக்காட்டை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் காத்திருந்தேன். வைத்தியர் மட்டக்களப்புப் பெண். நான் பாதியில் நிறுத்திய வசனத்தை அவரே முடித்தார். இது ஓ.சி.டி. (வேண்டாத எண்ணமொன்று விடாமல் வந்து, அதைத் தடுப்பதாக நினைத்து ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் நோய்) என்றார்.

"இப்படி வந்த தாய்மாரை நான் நிறையக் கண்டிருக்கிறன். இந்த எண்ணம் உங்கட ஆசை இல்ல. அதனாலதான் இவ்வளவு பயம்."

மாத்திரை எழுதினார். பிறகு ஒரு கொப்பி வாங்கச் சொன்னார். வந்த எண்ணம், அப்போது உடம்பில் நடந்தது, பிறகு நான் செய்தது, மூன்றையும் எழுத வேண்டும்.

"எழுதினா அது சாட்சியாகிடாதா டொக்டர்?"

"யாருக்குச் சாட்சி?"

"மகளுக்கு. பெரியவளாகி அவள் வாசிச்சா?"

"முதல்ல நீங்க வாசிச்சுப் பாருங்க," என்றார்.

நான் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறவள். ஆனாலும் கொப்பியில் "அது வந்தது" என்பதற்கு மேல் எழுத வரவில்லை. கத்தி என்று எழுதினால், பிள்ளை என்று எழுதக் கை போகாது. ஒரு நாள் இரண்டையும் ஒரே வசனத்தில், "நான்" என்று தொடங்கி எழுதினேன். உடனே கிழித்து அடுப்பில் போட்டேன். அடுத்த நாள் மறுபடி எழுதினேன். பக்கத்தில் பிள்ளை கையைச் சூப்பிக்கொண்டு கிடந்தாள். வசனம் தாளில் இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை.

அதோடு சுகமாகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். நோய் கொப்பிக்குள்ளும் வந்தது. நான் நல்ல உம்மாதானா என்று பார்க்க எழுதினேன். எழுதியது உண்மையா என்று பார்க்க மறுபடி எழுதினேன். சோறு அடுப்பில் கருகியது. கொப்பியை அரிசி வாளிக்குள் ஒளித்துவிட்டு, அந்த இடத்தைப் போய்ப் போய்ப் பார்த்தேன்.

வைத்தியர் பக்கங்களைப் புரட்டினார். "ஓதினதையே திரும்பத் திரும்ப ஓதினீங்களே, இதுவும் அதுதான். நாளைக்கு ஒருக்கா எழுதுங்க. பதில் தேடாம மூடிடுங்க."

பதில் இல்லாமல் மூடுவதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது.

அப்படி மூடிய பக்கங்களைச் சில மாதம் கழித்து வாசித்தேன். இடையிடையே நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலம் எழுதப்பட்டிருந்தது. வுழு (தொழுகைக்கு முன் கழுவிக்கொள்வது) சரியாகச் செய்தேனா என்று மறுபடி மறுபடி கழுவிப் பாடசாலைக்குப் பிந்தியது. பரீட்சைத் தாளைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்துக் கொடுக்க மனமில்லாமல் நின்றது. எதிலும் கவனமான, பேணுதலான பிள்ளை என்று ஊரில் சொன்னார்கள், நானும் நம்பினேன். அந்தப் பேணுதலில் பாதி பயம். நோய் மகளோடு வந்ததல்ல. என்னோடு வளர்ந்து, அவள் வந்ததும் அவளைப் பற்றிக்கொண்டது.

கணவருக்குக் கல்முனை பஸாரில் புடவைக் கடை. ஒரு நாள் பின்னேரம், அஸர் தொழுகை நேரம், கொப்பியை அவரிடம் கொடுத்தேன். வாசித்து முடித்தார். எழுந்து ஏணையிலிருந்து பிள்ளையைத் தூக்கினார். தன் உம்மா வீட்டுக்குக் கொண்டுபோகிறார் என்று நினைத்தேன். அவர் அவளை என் மடியில் வைத்தார்.

"நீ வெச்சிரி. நான் தேத்தண்ணி ஊத்திட்டு வாறன்."

எங்கள் இருவரையும் விட்டுவிட்டுக் குசினிக்குள் போனார். நான் ஓதவில்லை. உம்மாவைக் கூப்பிடவில்லை. பிள்ளையை மடியிலேயே வைத்திருந்தேன்.

தேநீரைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார்.

"நானும் பயந்துதான் நிண்டன். பொய் சொல்ல மாட்டன்," என்றார். "ஆனா இடையில குசினிய விட்டு வெளிய வரல்ல."

பயமே இல்லை என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

மகள் இப்போது முற்றத்தில் ஓடித் திரிகிறாள். எனக்கு மறுபடி வயிற்றில் பிள்ளை. நோய் திரும்பக்கூடும் என்று வைத்தியர் மறைக்காமல் சொன்னார். மாத்திரையை நானாக நிறுத்தவில்லை. அவர் சொன்னபடி போடுகிறேன். இம்முறை கணவருக்குத் தெரியும், உம்மாவுக்கும் தெரியும்.

முன்பு எனக்குக் காலம் என்பது அடுத்த நிமிடம் மட்டும்தான். அதில்தான் எல்லாம் நடந்துவிடும் என்று இருப்பேன். இப்போது அந்த நிமிடம் வருகிறது, கழிந்தும் போகிறது.

பிள்ளை உள்ளே அசையும்போது கை தானாக வயிற்றுக்குப் போகிறது. அதன் பின்னாலேயே பயமும் வருகிறது. கையை எடுப்பதில்லை. சில நேரம் பயம் குறைகிறது, சில நேரம் குறையாமலே இருக்கிறது. பிள்ளை மறுபடி அசைகிறது.