யாற்றை இடது, சேர்?

ஆசிரியர் வேலையில் ஓய்வு பெற்ற அடுத்த மாதமே என் விஞ்ஞானக் குறிப்புகளை இணையத்தில் ஏற்றத் தொடங்கினேன். முப்பது வருடம் பண்டத்தரிப்புப் பக்கத்துப் பிள்ளைகளை வருத்தியது போதாமல், மற்ற ஊர்ப் பிள்ளைகளையும் பிடிக்கலாம் என்ற ஆசை. பழைய மாணவர்கள் பாராட்டி எழுதினார்கள். வாசித்துவிட்டா எழுதினார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

ஒரு காலை கொழும்புத்துறையிலிருந்து ஜெனிற்றா என்ற பெண் அழைத்தார்.

"சேர், உங்கடை நோட்ஸ் எனக்கு ஒண்டும் விளங்கேல்லை."

"வடிவா வாசிச்சனீங்களோ?"

"எனக்குக் கண் தெரியாது சேர். போன்தான் வாசிக்கிறது. கேளுங்கோ."

கேட்டேன். நான் 'இதயம்' என்று எழுதிய இடமெல்லாம் போன் ஆங்கிலக் குரலில் "ஜாக், ஜாக்" என்றது. நான் தட்டச்சுச் செய்தது பாமினி எழுத்துருவில். கண்ணுக்குத்தான் அது தமிழ். உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள்.

ஜெனிற்றாவுக்கு முப்பத்திரண்டு வயது. பதினைந்தில் பார்வை போக, பள்ளிக்கூடமும் நின்றுபோனது. இப்போது தனிப்பட்ட பரீட்சார்த்தியாக, பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் ஓ.எல். பரீட்சையை எடுக்கிறார். பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது. மற்றப் பாடங்களைத் தங்கை வாசித்துக் காட்டினாளாம். விஞ்ஞானம் என்றதும் கும்பிடு போட்டுவிட்டாள்.

இரண்டு கிழமை இருந்து எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றிப் பெருமையோடு அனுப்பினேன். அரை மணித்தியாலத்தில் அழைப்பு வந்தது.

"இப்ப தமிழ்தான் சேர். ஆனா 'படத்தில் காட்டியவாறு' எண்டு ஒன்பது இடத்திலை எழுதியிருக்கிறியள். அதிலை போன் 'இமேஜ்' எண்டு சொல்லிப்போட்டுப் பேசாமல் போகுது."

எனக்குக் கோபம் வந்தது. சும்மா கொடுப்பதிலும் குற்றமா? ஆனாலும் இதயப் படத்தைச் சொற்களில் எழுதி அனுப்பினேன்: 'இடது சோணையறை என்ற மேலறை படத்தின் வலது பக்கத்தில் உள்ளது.'

"யாற்றை இடது, சேர்? இடது எண்டு சொல்லிப்போட்டு ஏன் வலதிலை வைச்சிருக்கிறியள்?"

யாருடைய இடது என்பதற்கு விடை எனக்குத் தெரியும். ஆனால் முப்பது வருடத்தில் ஒரு வகுப்பிலும் அதைச் சொன்னதில்லை. பிள்ளைகள் பார்த்து வரைந்தார்கள், நான் பத்துக்கு எட்டு, ஒன்பது என்று புள்ளி போட்டேன்.

"ஒராள் உங்களைப் பாத்துக்கொண்டு முன்னாலை நிக்கிறார் எண்டு நினையுங்கோ. அவற்றை இடக்கை உங்கடை வலப்பக்கம் வரும். படத்திலை இருக்கிறது அவற்றை இதயம்."

"உதை முதலே எழுதியிருக்கலாமே!"

எழுதினேன். அதை இணையத்தில் போட்ட அன்றே, வெளிநாட்டில் டாக்டராக இருக்கும் பழைய மாணவன் ஒருவன், "சேர், உது எனக்கு இப்பதான் விளங்குது" என்று பதில் போட்டான். அவனிடம் மருந்து எடுப்பவர்களை நினைத்துக் கவலைப்பட்டேன்.

ஜெனிற்றா சித்தியடைந்தார். விஞ்ஞானத்தில் 'சி' தரம்.

"என்ரை நோட்ஸைப் படிச்சும் சி தானோ?" என்றேன்.

"உங்கடை நோட்ஸைப் படிச்சபடியால்தான் சி. ஒளி எண்ட பாடத்தை நீங்கள் இன்னும் திருத்தேல்லை."

இணையத்தில் பாடம் எழுத வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். போடுவதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டு, போனை வாசிக்கவிட்டுக் கேளுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும். முழுவதையும் கேளுங்கள்.