தவறியவர்

சதுரங்கப்பட்டினத்தில் எங்கள் மகளிர் குழுவுக்கு அப்போது நான்தான் தலைவி. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் மாதாமாதம் வங்கிக்குப் போகும் அறிக்கையை நானே நிரப்பினேன். அடுத்தவரிடம் போய்க் கேட்பது எனக்கு வராது.

அந்தத் தாளின் கடைசிக் கட்டத்துக்கு மேலே ‘தவறியவர்’ என்று அச்சடித்திருக்கும். எங்கள் பக்கம் ஆள் செத்தால் தவறிவிட்டார் என்போம். கடவுள் புண்ணியத்தில் பன்னிரண்டு பேரும் நன்றாக இருந்தார்கள். ‘யாரும் இல்லை’ என்று ஒவ்வொரு மாதமும் அழுத்தி எழுதினேன்.

அவர்களில் மீன் விற்கும் ஒருத்தி மூன்று மாதமாக வங்கிக் கடன் தவணை கட்டவில்லை. குறைந்ததைக் குழுச் சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்டி, குழு நோட்டில் எழுதியும் வந்தேன். ஒருநாள் மேனேஜர் என்னை உட்காரவைத்து, “உங்க அறிக்கைய வச்சுத்தாம்மா மேலிடத்துல முடிவு பண்ணாங்க. எல்லாருக்கும் ரெண்டு மடங்கு லோன்” என்றார். தலை நிமிர்ந்து வீடு வந்தேன்.

மீன்காரி மட்டும் தயங்கினாள். “யக்கா, நான் கட்டாதது அவங்களுக்குத் தெரியுமா? எழுதுனியா?”

“நான் எழுதாம வுடுவேனா? எல்லாம் பாத்துட்டுத்தான் குடுக்கறாங்க. வாங்குடி.”

“நீ சொன்னா சரி. மாட்டிக்கினேன்னு வெச்சிக்க, உன் வூட்டு வாசப்படியிலதான் வந்து குந்திப்பேன்” என்று சிரித்தாள்.

தவணையும் இரண்டு மடங்கானது. அதைக் கட்டுவதற்காக, காலையில் ஊரில் விற்றவள் மத்தியானமும் கூடையைத் தூக்கிக்கொண்டு திருக்கழுக்குன்றம் போனாள். சித்திரை வெயிலில் பஸ் ஸ்டாண்டில் சாய்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

அந்த மாதம்தான் முதல்முறையாக அந்தக் கட்டத்தில் ஒரு பெயரை எழுதினேன். மேனேஜர் தாளைப் பார்த்துவிட்டு, “இத்தினி நாளா உங்க குழுவுல ஒருத்தர்கூட தவணை தவறலியே. இவங்க எத்தினி மாசம் தவறிட்டாங்க?” என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்த வார்த்தை விளங்கியது.

“தவணை இல்ல சார். ஆளே தவறிட்டா.”

மூன்று மாதக் கதையை அவரிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது தலைவி வேறொருத்தி. மத்தியான வேளையில் வாசலில் மீன் வாடை அடித்தால் எட்டிப் பார்க்கிறேன். யாரும் இருப்பதில்லை. படியில் உட்காரும்போது மட்டும், இன்னொருத்தி குந்துகிற அளவு இடம் விட்டுத்தான் உட்காருகிறேன்.