ஃபஸ் படிப்பித்த குளிர்காலம்

ஆங்கில ஆசிரியரின் உயிரை வாங்குபவை பெரிய சொற்களல்ல, நாலெழுத்துச் சொற்கள்தான்.

பெரியவர்களுக்கு மொழி படிப்பித்துப் பாடுபடும் உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. 'சத்திரசிகிச்சை' என்பதற்கு ஆங்கிலச் சொல்லை அரை நிமிடத்தில் படிப்பித்துவிடலாம். ஒரு கத்தி, ஒரு கட்டில், ஒரு டொக்டர் படம் கீறினால் போதும். ஆனால் எஃப், யூ, எஸ், எஸ் என்று நாலெழுத்தில் ஒரு வினைச்சொல் இருக்கிறது. அந்த ஃபஸ் எனக்கு ஒரு குளிர்காலம் முழுவதையும் தின்றது.

நான் திருகோணமலைக்காரி. பதினொரு வருடமாக ஒஸ்லோவில், ரொம்சோஸ் குடியிருப்பில் ஒரு சின்ன மண்டபத்தில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். நோர்வேயில் இருந்துகொண்டு ஆங்கிலம் எதற்கு என்று கேட்பீர்கள். வருகிறவர்களுக்கு நோர்வே மொழி நன்றாகத் தெரியும். ஆனால் மகன் லண்டனில், மகள் ரொறன்ரோவில். மருமகளுக்குத் தமிழும் தெரியாது, நோர்வே மொழியும் தெரியாது. பிறகென்ன, சனிக்கிழமை என்னிடம் வந்துதானே ஆக வேண்டும்.

லிப்ட் கதவு

அந்தச் சொல்லை வகுப்புக்குள் கொண்டுவந்தவர் சிவபாலன் அண்ணை. ஹவுகெட்டோவில் இருந்து ரயிலேறி வருவார். வேலை, லிப்ட் திருத்துவது. அவருடைய வேலையிடத்துக்கு ஸ்கொட்லாந்தில் இருந்து புதிய மேலதிகாரி ஒருவர் வந்திருந்தார். எல்லிங்ஸ்ருட்டில் ஒரு மாடிவீட்டு லிப்டின் கதவு கொஞ்சம் பிந்தி மூடுகிறது என்று இரண்டு பேரும் பார்க்கப் போயிருக்கிறார்கள். மேலதிகாரி ஒருதரம் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "டோன்ட் ஃபஸ் வித் இட்" என்று சொல்லிப்போட்டு மற்றக் கட்டடத்துக்குப் போய்விட்டார்.

அண்ணை அதை எப்படி விளங்கிக்கொண்டார் தெரியுமா? 'பதறாதை, ஆறுதலாய்ச் செய்' என்று. நல்ல மனிசன், நேரம் தந்திருக்கிறான் என்று சந்தோஷப்பட்டு, இரண்டரை மணித்தியாலம் ஆறுதலாக ஒவ்வொரு திருகாணியையும் கழற்றிப் பூட்டியிருக்கிறார். சும்மா நோண்டாமல் விடு என்றுதான் அந்த மனிதர் சொன்னது. அவர் திரும்பி வந்தபோது ஒன்பதாம் மாடிக்காரர்கள் சாமான் பைகளோடு படியேறிக்கொண்டிருந்தார்களாம். அவர் கோபப்படவில்லை. கதவையும் அண்ணையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் சொன்னதை அண்ணை எங்களுக்குத் தமிழில் அப்படியே ஒப்புவித்தார்: "சிவா, காலமை இந்தக் கதவு ஒரு செக்கன் பிந்தி மூடினது. இப்ப மூடுறதேயில்லை."

என் பிழை

அன்றைக்கு வகுப்பு முடிய ஐந்து நிமிடம்தான் இருந்தது. எல்லாரும் ஜாக்கெட்டைப் போட்டுவிட்டார்கள். "ரீச்சர், ஃபஸ் எண்டால் சரியா என்ன?" என்று சரோஜினி அக்கா கேட்டா. முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் இருபது வருடத்துக்கு மேல் வேலைசெய்து ஓய்வெடுத்தவ. கொப்பியில் ஒரு சொல்லையும் விடமாட்டா.

நோர்வே மொழியில் 'மாஸ' என்றொரு வினைச்சொல் இருக்கிறது. நச்சரிப்பது, பின்னாலேயே நின்று தொணதொணப்பது. இங்கே தமிழ் வீடுகளில் பிறந்த பிள்ளைகள் தாயைப் பார்த்து ஒரு நாளைக்குப் பத்துத் தரம் "இக்க மாஸ், அம்மா", அதாவது நச்சரிக்காதே, என்பார்கள். எனக்கும் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. மாஸ மாதிரித்தான் என்று சொல்லிவிட்டேன். ஒரு சொல்லுக்கு ஒரு சொல்லை எழுதிக் கொடுப்பது எங்கள் தொழிலில் எவ்வளவு பெரிய குற்றம் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அக்கா அதைக் கொப்பியில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டா. "நல்ல சொல்லு ரீச்சர், எங்கட வீட்டுக்கு வேணும்."

மன்னிப்புக் கடிதம்

மதுமிதா கோயம்புத்தூர்க்காரி. கணவனின் கணினி வேலைக்காக வந்து இரண்டு வருடம். எங்கள் எல்லோரையும்விட வேகமாக ஆங்கிலம் பேசுவாள். இலக்கணம் சரிபார்க்க வருகிறேன் என்பாள், ஆனால் தமிழ்க் குரல் கேட்கத்தான் வருகிறாள் என்று எனக்குத் தெரியும். என்னை 'மேம்' என்பாள். நான் 'கதைப்பம்' என்றால் சிரிப்பாள். அவள் 'பேசலாம்' என்றால் சரோஜினி அக்கா சிரிப்பா.

ஒருநாள் முகம் வாடி வந்தாள். மகளுக்கு ஒரு வயது. ஆங்கிலம் பேசும் ஒரு பாலர் நிலையத்தில் முதல் வாரம். அங்கிருந்து வந்த குறிப்பில், சாப்பாட்டுக்குப் பிறகு உங்கள் மகள் கொஞ்சம் ஃபஸ் பண்ணினாள் என்று இருந்திருக்கிறது. "எங்க ஊர்ல ஃபஸ் பண்றான்னா கலாட்டா பண்றான்னு அர்த்தம் மேம். கல்யாண வீட்ல சாம்பார் சரியில்லன்னு தட்டைத் தள்ளிட்டு எந்திரிப்பாங்களே, அது மாதிரி." கணவனும் மனைவியுமாக இருந்து, எங்கள் மகள் நடந்துகொண்ட விதத்துக்கு வருந்துகிறோம், இனி இப்படி நடக்காமல் பார்த்துக்கொள்கிறோம் என்று ஒரு பக்கத்துக்குக் கடிதம் எழுதி அனுப்பிவிட்டார்கள்.

குழந்தை ஃபஸ் பண்ணுவது என்றால் சிணுங்குவது, அவ்வளவுதான். நித்திரை வந்தால் எந்தக் குழந்தையும் செய்வது. திங்கட்கிழமை நிலையத்தின் பொறுப்பாளர் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாராம். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாராம்: "பன்னிரண்டு மாதக் குழந்தைக்காக யாரும் எங்களிடம் இவ்வளவு அழகாக மன்னிப்புக் கேட்டதில்லை."

பொறுக்க ஏலாது

சரோஜினி அக்காவின் ஒரே மகன் பிரதீபன் லண்டனில் இருக்கிறான். மனைவி ஹேசல், ஆங்கிலேயப் பெண். அக்கா ஆங்கிலம் படிக்க வந்ததே அவளுக்காகத்தான். ஹேசலின் பேறுகாலத்துக்கு இரண்டு கிழமைக்கு முன் போய் மூன்று மாதம் நிற்பதாக ஏற்பாடு. மார்கழி முழுக்க வகுப்பில் இதே கதைதான். பிள்ளை பெற்றவளுக்கான பத்தியச் சரக்கு வறுத்து இடித்து மூன்று போத்தலில் அடைத்தாயிற்று.

பிறகு திடீரென்று அக்கா அந்தக் கதையை எடுப்பதை நிறுத்திவிட்டா. கொப்பியும் திறப்பதில்லை. ஒரு சனிக்கிழமை தேநீர் இடைவேளையில், "எப்பவக்கா பயணம்?" என்று கேட்டேன்.

"போகேல்லை ரீச்சர். ரிக்கற்றைக் கான்சல் பண்ணிப்போட்டன். முழங்கால் நோகுதெண்டு மகனுக்குச் சொன்னனான்."

"உண்மையா நோகுதோ?"

அக்கா போனை எடுத்து என் முன்னால் வைத்தா. ஹேசல் அனுப்பிய குறுஞ்செய்தி. இரண்டே வசனம். முதலாவது: ஐ நோ யூ வில் ஃபஸ் ஓவர் மீ. இரண்டாவது: ஐ கான்ட் வெயிட்.

"நானே கொப்பியைப் பாத்து மொழிபெயர்த்தனான்," என்றா அக்கா. "வெயிட் எண்டால் பொறு எண்டு நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள். நீங்கள் வந்து என்னை நச்சரிப்பீங்கள், என்னால பொறுக்க ஏலாது. அப்பிடித்தானே எழுதியிருக்கு? ஒரு பிள்ளை இவ்வளவு வெளிப்படையாச் சொன்ன பிறகு நான் எந்த முகத்தோட போறது?"

இரண்டு கோடு போட்ட அந்தச் சொல்லை எழுதிக் கொடுத்தவள் நான். ஃபஸ் ஓவர் என்றால் விழுந்து விழுந்து கவனிப்பது, தாங்கு தாங்கென்று தாங்குவது என்று சொன்னேன். கான்ட் வெயிட் என்றால், எப்போது வருவீர்கள் என்று துடித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேன். அக்கா நம்பவில்லை. "நீங்கள் என்னை ஆறுதல்படுத்தச் சொல்லுறியள்" என்றா. மதுமிதா எட்டிப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, மேம் சொல்றதுதான் கரெக்ட். அந்தப் பொண்ணு உங்களுக்காக ஏங்கிட்டிருக்கு" என்றாள். அதையும் நம்பவில்லை. கடைசியில் சிவபாலன் அண்ணைதான் சொன்னார்: "ஏன் எங்களிட்டைக் கேக்கிறியள்? எழுதின பிள்ளையிட்டையே கேளுங்கோவன்."

வீடியோவில் அழைத்தோம். மற்ற ஏழு மாணவர்களும் நானும் அக்காவின் பின்னால் நின்றோம். ஹேசல் பெரிய வயிற்றோடு சமையலறையில் நின்றாள். அக்கா நான் படிப்பித்த ஆங்கிலத்தில் கேட்டா: "ஹேசல், யூ வான்ட் மீ ஃபஸ்?" ஹேசல் சிரிக்கத் தொடங்கினாள், அது அழுகையாகிவிட்டது. தனக்குப் பத்து வயதாக இருக்கும்போதே தாய் இறந்துவிட்டா என்றாள். பிரதீபனுக்குக் காய்ச்சல் வந்தால் நீங்கள் எப்படித் தலைமாட்டிலேயே இருந்து பார்ப்பீர்கள் என்று அவன் சொல்லியிருக்கிறான் என்றாள். உங்கள் முழங்கால் எப்படி என்று கேட்டாள். முழங்கால் சுகமாகிவிட்டது என்று அக்கா உடனே சொன்னா. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹேசல் சொன்னதை வகுப்பில் எல்லாருமே மொழிபெயர்ப்பில்லாமல் விளங்கிக்கொண்டோம்: "ப்ளீஸ் கம் அண்ட் ஃபஸ்."

ஒன்பதாம் நாள்

செவ்வாய்க்கிழமையே அக்கா பறந்துவிட்டா. அடுத்த வெள்ளி பேத்தி பிறந்தாள். சனிக்கிழமை படத்தைக் கைக்குக் கை மாற்றிப் பார்த்ததில் பாடமே நடக்கவில்லை. அடுத்த கிழமை பாடத்தின் நடுவில் லண்டனில் இருந்து அழைப்பு. ஒரு நாளைக்கு மூன்று வேளை சரக்குக்கறி, அடிக்கொரு தரம் சுடுதண்ணி, தலைக்குத் துணி, ஜன்னலைத் திறக்க விடுவதில்லை. ஒன்பதாம் நாள் ஹேசல் மாமியாரைக் கட்டிப்பிடித்து, எ லிட்டில் லெஸ் ஃபஸ், ப்ளீஸ் என்று கேட்டிருக்கிறாள். அக்காவுக்கு இந்த முறை மனவருத்தம் இல்லை, சந்தேகம்தான். "ரீச்சர், எ லிட்டில் லெஸ் எண்டால் நாளைக்கு எத்தினை வேளை?"

பட்

அக்கா திரும்பி வந்த கிழமை இது நடந்தது. பங்குனி முடிந்தும் வெளியே பனி இன்னும் கரையவில்லை. மண்டபத்தில் சூடாக்கி சரியாக வேலை செய்யாததால் எல்லாரும் ஜாக்கெட்டோடு இருந்தோம். ஆங்கிலேயர்கள் பெரிய பிரச்சினையைச் சொல்லத் தொடங்கும்போது, ஐ டோன்ட் வான்ட் டு மேக் எ ஃபஸ், பட் என்று தொடங்குவார்கள். இதைப் பெரிசுபடுத்த விரும்பவில்லை, ஆனால் என்று பொருள். அன்றைய பாடம் ஒரு நடிப்பு: மதுமிதா டொக்டர், மற்றவர்கள் நோயாளிகள். ஒவ்வொருவரும் அந்த வசனத்தில் தொடங்கித் தன் வருத்தத்தைச் சொல்ல வேண்டும்.

சிவபாலன் அண்ணையின் முறை வந்தது. எழும்பாமலே சொன்னார். "ஐ டோன்ட் வான்ட் டு மேக் எ ஃபஸ், பட் மை லெஃப்ட் ஆர்ம் இஸ் வெரி ஹெவி. மை செஸ்ட் ஆல்ஸோ." குரலைத் தாழ்த்தி, இடையில் மூச்சு வாங்கி, அவ்வளவு இயல்பாகச் சொன்னார். பதினொரு வருடத்தில் இப்படி ஒரு உச்சரிப்பை நான் கேட்டதில்லை. நான் கை தட்டினேன். வகுப்பும் தட்டியது. மதுமிதா டொக்டர் மாதிரியே, "எவ்வளவு நாளா இருக்கு?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

சரோஜினி அக்கா மட்டும் தட்டவில்லை. "ரீச்சர், இது நடிப்பில்லை. ஆளுக்கு வேர்க்குது."

பிறகு எல்லாம் ஒரேயடியாக நடந்தது. நான் அம்புலன்ஸ் இலக்கமான நூற்றுப் பதின்மூன்றுக்கு அழைத்தேன். வாயில் ஆங்கிலமும் நோர்வே மொழியும் கலந்து வந்தது. அக்கா அண்ணையின் கழுத்துப் பட்டியைத் தளர்த்திவிட்டு அவரை நகர விடாமல் பிடித்துக்கொண்டா. மதுமிதா சப்பாத்துப் போட மறந்து காலுறையோடு பனிக்குள் ஓடி, ரோட்டில் நின்று கையை ஆட்டினாள். அண்ணையோ, "ஒண்டுமில்லை, அந்தரப்படாதேங்கோ" என்று எங்களைத் தேற்றிக்கொண்டிருந்தார். அம்புலன்ஸ் எத்தனை நிமிடத்தில் வந்தது என்று எனக்குத் தெரியாது. எனக்கு ஒரு யுகம்.

இரத்தக் குழாயில் அடைப்பு. அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் கட்டிலில் எழும்பியிருந்து யோகட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை தட்டியதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பதென்று வழி முழுக்க யோசித்து வைத்திருந்தேன். ஆனால் கதிரையில் இருந்ததுமே அழுதுவிட்டேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கோபமே இல்லாமல், சந்தேகம் கேட்கும் குரலில் சொன்னார்: "வசனம் சரிதான் ரீச்சர். ஆனா 'பட்'டுக்குப் பிறகு சொன்னதை அக்காவைத் தவிர ஒருத்தரும் கேக்கேல்லை."

ஆகவே, சக ஆசிரியர்களே, வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது யாராவது ஒரு சின்னச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டால், அந்த ரயிலை விட்டுவிட்டு, ஆறுதலாக விளக்கிச் சொல்லி, அடுத்த ரயிலில் வீட்டுக்குப் போவதென்று முடிவெடுத்துக்கொள்ளுங்கள்.