சிவப்பு வண்டியும் பச்சை வண்டியும்

இன்றைக்கு ஸ்கூட்டர் என்றால் பெட்ரோல் வண்டிதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். நான் சொல்வது, பலகையில் ஒரு காலை வைத்து மறு காலால் தரையை உந்திக்கொண்டு போகிற பிள்ளைகள் வண்டி. மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்துப் பையன்கள் இருவரிடம் அது இருந்தது. எனக்கு ஏழு வயது. இரண்டு வேளை பட்டினி கிடந்து அப்பாவைச் சம்மதிக்க வைத்தேன். நடுவில் அக்கா ஒளித்துக் கொண்டுவந்து கொடுத்த முறுக்கு கணக்கில் சேராது.

யுத்த காலம். சீமைச் சாமான் புதிதாக வருவது நின்றுபோயிருந்ததால், பழைய சாமான் விற்கும் பஜாருக்கு டிராமில் போனோம். அக்காவும் கிளம்பினாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. அந்த வருஷம்தான் பள்ளிக்கூடத்தை நிறுத்தி, கீழே இறங்கி விளையாடவும் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள்.

“நீ எதுக்குடி?” என்று அம்மா கேட்டதற்கு, “டிராம்லே இவன் கையைப் பிடிச்சுக்க ஆள் வேண்டாமா?” என்றாள்.

கடையில் இரண்டு வண்டிகள் இருந்தன. பச்சை வண்டியின் கைப்பிடி என் இடுப்புக்குச் சற்று மேலே நின்றது. சிவப்பு வண்டியுடையது என் மோவாயை இடித்தது. அக்கா இரண்டையும் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றிவிட்டாள். ரப்பரைக் கட்டை விரலால் அழுத்தினாள். கைப்பிடி ஆடுகிறதா என்று பார்த்தாள். சிவப்பு வண்டியின் பலகையில் ஏறியும் நின்றாள். வண்டி யாருக்கு என்று கடைக்காரர் இந்தியில் கேட்டார்.

“சிவப்பே இருக்கட்டும்பா. வளர்ற பையன். பச்சை அடுத்த வருஷமே சின்னதாப் போயிடும்” என்றாள் அக்கா.

அப்பாவுக்கு இதைவிடப் பெரிய நியாயம் கிடையாது. எங்கள் வீட்டில் எனக்கு எதை வாங்கினாலும் வளர்கிற பையனுக்கென்றே வாங்குவார்கள். என் நிஜார் முழங்காலைத் தாண்டித் தொங்கும். சிவப்பு வண்டி வீட்டுக்கு வந்தது.

ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்குவதுபோல் இருந்தது எனக்கு. ஒரு தடவை உந்தினால் இரண்டு தடவை விழுந்தேன். கட்டடத்துப் பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நிறையப் பால் குடி, வளர்ந்துவிடுவாய் என்றார் அப்பா.

ஒருநாள் மத்தியானம் அம்மா பஜனைக்குப் போயிருந்தாள். மொட்டை மாடியில் கடகடவென்று சத்தம் கேட்டு ஏறிப் போனேன். அக்கா பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி அந்த வண்டியில் பறந்துகொண்டிருந்தாள். கைப்பிடி அவளுக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது. தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தவள் என்னைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

“அம்மாகிட்டே சொல்லாதேடா. உனக்கும் நானே பழக்கித் தரேன்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் பட்டினி கிடந்து வாங்கிய வண்டி அல்லவா? அம்மா செருப்பைக் கழற்றுவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அம்மா அடிக்கவில்லை. “நாலு பேர் பொண் பார்க்க வர நேரத்திலே…” என்று ஆரம்பித்து, முடிக்காமல் உள்ளே போய்விட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா அதே கடையில் சிவப்பைக் கொடுத்துவிட்டுப் பச்சையை வாங்கினார். இந்தத் தடவை டிராமில் என் கையைப் பிடித்துக்கொள்ள யாரையும் அனுப்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்கா என்னை வண்டிப் பக்கத்தில் நிறுத்திக் கைப்பிடியின் உயரத்தைப் பார்த்தாள். “இதுதான்டா உனக்குச் சரி” என்றாள். தப்பை ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று எனக்குப் பரம திருப்தி.

அன்று சாயங்காலம் முழுக்கக் கீழே வட்டமடித்தேன். அக்கா மேலே பால்கனிக் கம்பியைப் பிடித்தபடி, விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் நகரவே இல்லை. என் சாமர்த்தியத்தைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்து, ஒவ்வொரு சுற்றிலும் அவளுக்குக் கையை ஆட்டிக் காட்டினேன்.