உச்சி மூடாத குல்லா

திண்டிவனத்தை விட்டு வெகுதூரம் நடந்துவிட்டிருந்தேன். நெடுஞ்சாலை ஓரத்து மண்ணில் தெற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். பஸ் ஏறியிருக்கலாம். ஏறினால் கண்டக்டர் எந்த ஊர் என்று கேட்பார். எனக்கு அப்போது எந்த ஊரும் வாயில் வரவில்லை.

தோளில் ஒரு துணிப்பை. உள்ளே உல்லன் நூல் உருண்டைகள், குழந்தைகளுக்கான சில குல்லாக்கள், சாக்ஸ், பஞ்சு அடைத்த பொம்மைகள். எல்லாவற்றுக்கும் மேலே, இன்னும் ஊசியிலேயே இருந்த ஒரு மஞ்சள் குல்லா. கண்ணி நழுவிவிடாமல் இருக்க ஊசி முனைகளில் ரப்பர் பேண்டு சுற்றியிருந்தேன். காலையில் ஒரு பெண் அதைப் பிரித்துப் போடச் சொல்லிக் கத்தினாள். நான் பிரிக்கவில்லை. முடிக்கவும் இல்லை. எழுந்து நடந்துவிட்டேன். வாழ்க்கையில் பல இடங்களை நான் அப்படித்தான் விட்டிருக்கிறேன்.

படிப்பு ஏழாவது பாதியோடு நின்றுவிட்டது. லாரி கிளீனர், செங்கல் சூளை, புரோட்டாக் கடை என்று கிடைத்ததைச் செய்தேன். ஊட்டியில் கேரட் கழுவும் வேலையில் இருந்தபோது அறையில் கூட இருந்தவன் ஓய்வு நேரத்தில் பின்னுவான். பார்த்துப் பார்த்து எனக்கும் கை வந்தது. மலையை விட்டு இறங்கியபோது ஊசிகளும் என்னுடன் இறங்கின. பனிக்காலத்தில் திண்டிவனம் பஸ் நிலையத்தில் ஒரு சுவரோரம் உட்கார்ந்து பின்னி விற்றேன். காலை பஸ்ஸுக்கு வரும் தாய்மார்களுக்குப் பிள்ளையின் காதில் பனி இறங்கிவிடும் என்று எப்போதும் பயம். அந்தப் பயத்தில்தான் என் சாப்பாடு ஓடியது.

பக்கத்தில் வேர்க்கடலையை அவித்து, மல்லாட்டை என்று கூவி விற்கும் அக்கா. கழுத்தில் ஜெபமாலை, வாயில் வெற்றிலை.

"இன்னாய்யா, பொம்பள மாதிரி ஊசி புடிச்சிக்கினு குந்தியிருக்க. உனக்கு எவன்யா பொண்ணு குடுப்பான்?" என்பாள்.

"நாப்பதுக்கு மேல எவன்கா குடுக்கப் போறான்?"

"அதுவும் வாஸ்தவம். அப்ப எனக்கு ஒரு குல்லா போடு. பனி பேஜார் பண்ணுது."

இந்தப் பக்கத்தில் பிள்ளை பிறக்கும் முன்னால் அதற்கென்று புதுத்துணி எதுவும் வீட்டுக்குள் வராது. பிறந்தாலும் முதலில் துவைத்துத் துவைத்து நைந்த பழைய வேட்டித் துணிதான். மல்லாட்டை அக்காவின் சர்ச்சிலும் ஞானஸ்நானச் சட்டையைப் பிள்ளை முகம் பார்த்த பிறகுதான் வாங்குவார்களாம். ஆனாலும் ஆசை இருக்குமே. வயிற்றுப் பிள்ளைக்காரிகள் என்னிடம் வந்து நிறம் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறந்ததும் வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நான் பின்னி வைத்திருப்பேன். பொம்மையாக இருந்தால் கண் மட்டும் வைக்க மாட்டேன். வாங்க வரும்போது எதிரில் வைத்துத் தைத்துக் கொடுப்பேன்.

சிலர் வரவே இல்லை. மறந்தார்களா, ஊர் மாறினார்களா, வேறு ஏதாவதா, எனக்கு எப்படித் தெரியும்? யாரிடம் கேட்பது? அவற்றை வேறு யாருக்கும் விற்கவும் கை வரவில்லை. கண் இல்லாத ஒரு முயலும் ஒரு யானைக்குட்டியும் பையின் அடியில் கிடந்தன. நூல் எடுக்கக் கையை விடும்போது அந்த வழவழப்பான முகங்கள் விரலில் படும். சட்டென்று கையை இழுத்துக்கொள்வேன்.

மஞ்சள் குல்லாவைக் கேட்டவள் பஸ் நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் வேலை செய்த பெண். புருஷன் வெல்டிங் பட்டறையில் இருந்தான். அதற்கு முன்னால் அவளுக்கு இரண்டு பிள்ளைகள் குறை மாதத்தில் பிறந்து, பிழைக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் வந்து நூலைத் தொட்டுப் பார்ப்பாள்.

"அண்ணா, ஆரம்பிங்க. ஆனா முடிச்சிடாதீங்க."

"முடிக்காம எப்படிம்மா?"

"உச்சிய மூடாம வுடுங்க. மூடாத வரைக்கும் அது குல்லா இல்ல, வெறும் நூலுதானே? எங்க வீட்டுல கேட்டாலும் பொய் சொன்ன மாதிரி ஆவாது."

அவள் சொன்னது சரி என்றே எனக்கும் பட்டது. விளிம்பில் ஆரம்பித்து உச்சி குறுகும் இடம் வரைக்கும் பின்னி, அப்படியே ஊசியில் நிறுத்தி வைத்தேன். தினமும் வந்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் போவாள்.

ஏழாம் மாதத்திலேயே அவளுக்கு வலி வந்துவிட்டது. வலியில் அவள், "குல்லா அண்ணன்கிட்ட சொல்லுங்க, முடிக்க வேணாம்னு" என்று புலம்பியிருக்கிறாள். கேட்டது புருஷனின் அக்கா. பனமலைப் பக்கம் சொந்த நிலத்தில் பயிர் செய்கிறவள், பிரசவத்துக்குத் துணையாக வந்திருந்தாள். காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

"நீதானா அந்தக் குல்லாக்காரன்? எங்க அது, எட்றா!"

எடுத்துக் காட்டினேன்.

"பொறக்காத புள்ளைக்குத் துணி தெச்சிக்கினு குந்தியிருக்கியா? அங்க அவ துடிக்கிறா. பிரி. இப்பவே பிரிச்சுப் போடு!"

"தெக்கலம்மா, பின்றாரு," என்றாள் மல்லாட்டை அக்கா.

"ஏதோ ஒரு எழவு! நீ வாய மூடு."

"பிரிக்கிறது மட்டும் நல்ல சகுனமா? உள்ள இருக்கிறது ஒரு உசுரு. யோசிச்சுப் பேசும்மா."

கூட்டம் கூடிவிட்டது. பிரி என்று சிலர், முடி என்று சிலர். நான் நூலின் நுனியைப் பிடித்தேன். பிடித்த கை இழுக்கவில்லை. எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

கூட்டேரிப்பட்டில் டீக்கடையில் நின்றபோது ஒரு பைக் என்னைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. அவள் புருஷன்.

"ண்ணா, எங்க போய்க்கினு இருக்கீங்க? உங்கள எங்கெல்லாம் தேடறது?"

"என்னாச்சுப்பா?"

"பொறந்துடுச்சு. பொண்ணு. ஆம்புலன்ஸ்ல பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு போய்ட்டாங்க. அவளும் எங்க அக்காவும் கூடப் போயிருக்காங்க."

"உசுரோட இருக்குதா?"

"இருக்குது. மூச்சு வுடுது. நர்ஸம்மா குல்லா கேக்கறாங்களாம். சூடு தலை வழியாதான் போவுதாம். ரெண்டு கடை பாத்தேன். அந்தக் குல்லாவுல எம் புள்ளையே முழுசா பூந்துடும்."

"தலை எவ்ளோ இருக்கும்?"

அவன் விரல்களைக் குவித்துக் காட்டினான். உள்ளே ஒரு சாத்துக்குடிகூட நிற்காது. மஞ்சள் குல்லாவை எடுத்து அந்த விரல்கள் மேல் வைத்தேன். மணிக்கட்டு வரை இறங்கியது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பிரிச்சு வேற போடணும்," என்றேன். "வர்றியா, போலாம்."

அவன் பைக்கில் விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டி அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். நோயாளிகளோடு வந்தவர்கள் தங்கும் கொட்டகையில் உட்கார்ந்தோம். நான் பிரிக்கப் பிரிக்க அவன் இரண்டு கைகளையும் நீட்டி நூலைச் சுற்றி வாங்கிக்கொண்டான். வெல்டிங் தீப்பொறி பட்ட தழும்புகள் நிறைந்த கைகள். எதிரில் காலில் கட்டோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "ரெண்டு ஆம்பளைங்க நூலு சுத்திக்கினு இருக்கிறத இன்னிக்குத்தான்யா பாக்குறேன்," என்றார். யாரும் சிரிக்கவில்லை.

பிரித்த நூல் நேராக நிற்காது. முன்பு எங்கெங்கே கண்ணியாக இருந்ததோ அங்கெல்லாம் வளைந்தே இருக்கும். அந்த வளைந்த நூலால், இருப்பதிலேயே மெல்லிய ஊசியில், மிகக் குறைந்த கண்ணிகள் ஏற்றினேன். அவ்வளவு சிறியதை அதற்கு முன் நான் பின்னியதில்லை. பொம்மைக்குப் போடும் குல்லாகூட அதைவிடப் பெரியது. கை பொம்மையின் அளவுக்கே பழகியிருந்ததால், இது பொம்மைக்கு இல்லை, இது பொம்மைக்கு இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. உச்சியை மூடும் இடம் வந்தது. கடைசிக் கண்ணிகளுக்குள் நூலை விட்டு இழுத்தால் முடிந்துவிடும். நிமிர்ந்து அவனைப் பார்த்தேன்.

"மூடுங்கண்ணா," என்றான்.

இழுத்து முடிச்சுப் போட்டேன். பொழுது சாயும் நேரத்தில் அவன் அதை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு படியேறினான்.

இரவு கொட்டகையிலேயே படுத்தேன். காலையில் அவன் வரவில்லை. அவன் அக்காதான் வந்தாள். முந்தைய நாள் புடவையிலேயே இருந்தாள். மறுபடியும் கத்துவாள் என்று எழுந்து நின்றேன். அவள் எனக்கு எதிரே கீழே உட்கார்ந்தாள்.

"தலையில இருக்கிறது நீ போட்டதுதானாமே?"

"ஆமாம்மா."

"கழட்டச் சொன்னேன். சூடு போய்டும், கழட்டக் கூடாதுன்னுட்டாங்க. அதே நூலா?"

"அதே நூலுதாம்மா. ஆனா பழச அடி வரைக்கும் பிரிச்சிட்டேன். இது பொறந்த பொறவு போட்டது."

"பொறந்த பொறவு," என்று அவள் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். நூலின் வளைவுகளைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மொதப் புள்ளைக்கு நான்தான் ஒரு சட்ட வாங்கினேன். செஞ்சி சந்தையில. செவப்பு. ஆசையில வாங்கி, ஒருத்தருக்கும் சொல்லாம பொட்டியில வெச்சேன். புள்ள தங்கல. ரெண்டாவதுக்கு ஒண்ணும் வாங்கல, அதுவும் தங்கல. ரெண்டையும் என் கையாலதான் தூக்கிக்கினு போனேன். ரெண்டாவதப் பொதச்சிட்டு வந்து பாத்தா, அந்தச் சட்ட பொட்டிக்குள்ளயே இருக்குது."

"என்ன பண்ணீங்க?"

"எரிச்சேன். இந்தத் தடவ பொட்டியில ஒண்ணும் இல்ல, நிம்மதின்னு இருந்தேன். வந்து பாத்தா நீ குந்தியிருக்க."

கீழே கிடந்த பையை எனக்குப் பின்னால் தள்ளி வைத்தேன்.

"கோவம் இல்ல தம்பி. மேல போம்போதும் கீழ வரும்போதும் உன்னத்தான் பாக்குறேன். பாத்தா கை நடுங்குது. அந்தக் கையாலதான புள்ளயத் தொடணும்? நீ போய்டு."

"புள்ள எப்படி இருக்குதும்மா?"

"அத நீ கேக்காத. கேக்கவே கேக்காத. போ."

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவள் தம்பிக்காரனிடம் சொல்லிக்கொள்ளவில்லை. சொன்னால் இரு என்பான். இருந்தால் அவள் கை நடுங்கும். அந்தக் குழந்தை என்ன ஆயிற்று என்று எனக்கு இன்றுவரை தெரியாது. திண்டிவனத்துக்குப் போய்க் கேட்டிருக்கலாம். அந்த ஊர் வழியாகப் பல தடவை போயிருக்கிறேன். பஸ் நிலையத்தில் இறங்கியதில்லை.

விழுப்புரத்துக்கு ஷேர் ஆட்டோவில் போனேன். மண்டியில் நெல் லாரிகள் வரிசையாக நின்றன. ஆள் குறைவு என்று மேஸ்திரி கூவிக்கொண்டிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுக்கு முன்னால இன்னா வேல?"

"லாரில கிளீனர்."

"வேற எதுனா தொழில் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"பையில இன்னா?"

"துணிங்க."

"அத அங்க மூலையில கடாசிட்டு ஜல்தி வா."

துண்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு லாரியின் பின்னால் போய் நின்றேன். மேலே இருந்தவன் முதல் மூட்டையை இறக்கினான்.